எடைக்கல் சொல்வதும் சிற்பம் சொல்லாததும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிந்துவெளி பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், மொகஞ்சதாரோவில் கிடைத்த மாக்கல் சிற்பத்தின் படத்துக்குக் கீழே 'பூசாரி அரசன்' என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. எழுத்தைப் படித்தறியும் வரை அம்மக்களின் சிந்தனையை அறிய வழியே இல்லை என்றும் அக்கட்டுரை கூறியது. இவ்விரண்டு கூற்றுகளும் திருத்தத்துக்கு உரியவை.

சிந்துவெளி எழுத்தின் புதிரை விடுவிப்போருக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அது நிறைவேற வேண்டும் என்ற ஆவல் எனக்கும் உண்டு. ஆனால் அம்மக்கள் விட்டுச்சென்ற எடைக்கற்கள் எந்த எழுத்தின் துணையும் இன்றியே நம்மிடம் பேசுகின்றன. செர்ட் என்னும் கடினமான கல்லைக் கனசதுரமாக வெட்டி வழவழப்பாகத் தேய்த்த அக்கற்களில் பெரும்பாலானவற்றில் ஒரு குறிகூட இல்லை. ஏறத்தாழ 13.7 கிராம் உள்ள கல்லை ஒன்று எனக் கொண்டால், அரை, கால், அரைக்கால் (எட்டில் ஒன்று), வீசம் (பதினாறில் ஒன்று) என்று கீழேயும், இருமடங்கு, நான்கு மடங்கு என்று மேலேயும் அவை வரிசை பிடிக்கின்றன. ஹரப்பாவிலும், அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி குஜராத்தில் உள்ள லோத்தலிலும் இதே அளவுமுறைதான்.

எடை என்ற பண்பைப் பொருளிலிருந்து பிரித்து எண்ணத் தெரியாத ஒருவர் இப்படி ஒரு கல்லைச் செய்திருக்க முடியாது. வேறு பொருளுக்குச் சமமாக நிற்பது ஒன்றே அதன் வேலை. சமம், மடங்கு, பின்னம் ஆகிய கருத்துகள் செய்தவர் மனத்தில் தெளிவாக இருந்தன என்பதைக் கற்களின் வரிசையே மெய்ப்பிக்கிறது. கேம்பிரிட்ஜில் தொல்லியல் பேராசிரியராக இருந்த காலின் ரென்ஃப்ரூ, பண்டை மனத்தைப் பொருள்களின் வழியே ஆராயலாம் என்று 1982-இல் வாதிட்டபோது, மொகஞ்சதாரோவின் இந்தக் கற்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஹரப்பாவில் நகர வாயில்களை ஒட்டி எடைக்கற்கள் கிடைத்ததை வைத்து, அங்கே வரி வசூலிக்கப்பட்டது என்று சிலர் கருதுவர். அது பொருத்தமான ஊகம்தான்; ஆனாலும் முன் சொன்னதைவிட ஒரு படி வலுக் குறைந்தது.

சிற்பத்தின் நிலை வேறு. 1925-26 அகழாய்வில் கிடைத்த அதன் உயரம் 17.5 செ.மீ. மட்டுமே. தாடி, நெற்றிப்பட்டம், பாதி மூடிய கண்கள், இடத்தோளை மூடிய மூவிதழ்ப் பூவேலை ஆடை ஆகியவை நாம் காண்பவை. அவர் பூசை செய்தார் என்பதற்கோ ஆட்சி புரிந்தார் என்பதற்கோ அதில் சான்று இல்லை. கோயில் என்றோ அரண்மனை என்றோ ஐயமின்றி நிறுவப்பட்ட கட்டடம் எதுவும் மொகஞ்சதாரோவில் இதுவரை இல்லை. மெசபடோமியாவில் கோயிலும் அரசும் இணைந்திருந்ததைக் கண்டு பழகியவர்கள் சூட்டிய பட்டம், நூறாண்டு புழக்கத்தால் உண்மைபோல் நிலைத்துவிட்டது. அதைப் பாடமாகப் படிக்கும் பிள்ளைகள், அங்கே மதகுருக்களின் ஆட்சி நடந்தது என்றே மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

பொருளைக் கொண்டு அதன் செய்முறையை அறிவது எளிது, சமய நம்பிக்கையை அறிவதே எல்லாவற்றிலும் கடினம் என்று ஆங்கிலேயத் தொல்லியலாளர் கிறிஸ்டோபர் ஹாக்ஸ் 1954-இலேயே எழுதினார். அதற்காக ஊகிப்பதையே கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊகம் இல்லாமல் தொல்லியல் ஓரடி நகராது. கண்டது எது, கருதியது எது என்று வாசகருக்குப் பிரித்துக் காட்டினால் போதும்.

எனவே, இனி அப்படத்தை வெளியிடும்போது, 'தாடி வைத்த ஆணின் மாக்கல் சிற்பம், மொகஞ்சதாரோ, உயரம் 17.5 செ.மீ.' என்று குறிப்பிட்டு, 'பூசாரி அரசனாக இருக்கலாம் எனத் தொடக்கக்கால ஆய்வாளர்கள் கருதினர்' என்பதைத் தனி வரியாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாய்ப்பிருந்தால் அருகிலேயே ஓர் எடைக்கல்லின் படத்தையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி.