சிவப்புக் காயில் வாங்குவதற்கு முன்னால்

அஸ்தம்பட்டி, சேலம்
ஜூன் 22

அன்புள்ள தங்கவேலு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, மாம்பழம். வீட்டுக் குண்டு ரக மாமரம் இந்தத் தடவை கிளை ஒடியக் காய்த்துவிட்டது. பறிப்பது, வைக்கோலில் பழுக்க வைப்பது, தெருவுக்கே பங்கு பிரிப்பது என்று நானும் வீட்டுக்காரியும் ஓய்ந்துபோனோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சீரியலில் வருகிற மாமியார் கட்டியிருப்பது பட்டா, நூல் புடவையா என்று இப்போது சோபாவில் இருந்தே சொல்கிறாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி இரண்டு வரி, காரைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். காலேஜிலும் நீ இப்படித்தான்.

சரி, கார். உன் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கம்பெனியிலிருந்து வரும்போதே 230 குதிரைத்திறன். பவர் கூடுகிற மாதிரி அதன் எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் வேறு செய்துவிட்டு, இப்போது பிளக்குக்குப் பொறிக் கரண்ட் தருகிற காயிலையும் மாற்றி, இன்னும் பலமானது என்று விற்கிற சிவப்புக் காயில் செட் போடலாமா என்று கேட்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் 1.8 டர்போவை ரீமேப் செய்தேன் என்று போன வருஷம் எழுதினேன் அல்லவா? இரண்டு மாதம் ராஜா மாதிரி ஓடியது. ஒரு நாள் மச்சான் தோட்டத்துக்கு ஏற்காடு ஏறினோம். நாலைந்து கொண்டை ஊசி தாண்டியதும், வளைவிலிருந்து நிமிர்ந்து இரண்டாவது கியரில் ஒரு மிதி மிதித்தால், படபடவென்று உதறல். செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டியது. காலைத் தூக்கினால் நின்றுவிடும். அடுத்த வளைவில் மறுபடி. மொத்தம் 20 வளைவு, யோசித்துப் பார். பின் சீட்டிலிருந்து மச்சான், 'பஸ்ஸிலேயே வந்திருக்கலாம்' என்றான். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

ஸ்கேனர் போட்டதில் மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று வந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்க்காமலேயே, 'ரீமேப் பண்ணிட்டா ஒரிஜினல் காயில் தாங்காது சார்' என்று ஒருவர் சொன்னார். அவர் பேரை விடு, ஆர்டர் போட்டது நான்தானே. நான்கு சிவப்புக் காயில், 14 ஆயிரம் ரூபாய். போட்ட அன்றே ஏற்காடு ஏறினேன், துளி உதறல் இல்லை. உனக்கு அன்றைக்கு ராத்திரியே போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன், ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம் நடந்ததைத்தான் உன்னிடம் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அதே உதறல், அதே சிலிண்டர்.

அப்போதுதான் பிளக்கைக் கழற்றினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பொறி தாண்டுகிற இடைவெளியான கேப் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதில், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜின் 0.95 தகடு தடையே இல்லாமல் நுழைந்து வெளியே வந்தது. வெள்ளைப் பீங்கானின் மேல், பென்சிலால் கோடு இழுத்த மாதிரி மெல்லிய கறுப்பு வரி. பழைய காயிலின் ரப்பர் உறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், அங்கேயும் அதே வரி. கேப்பைத் தாண்ட முடியாத கரண்ட், பீங்கானின் வெளிப்பக்கமாகவே இறங்கி ஓடியிருக்கிறது. புதுக் காயிலோடு புது ரப்பர் வந்ததால் கொஞ்ச நாள் அந்த வழி அடைபட்டது. நான் அதைப் பார்த்துவிட்டு காயிலுக்கு மாலை போட்டேன்.

காயில் டப்பாவில் 40,000 வோல்ட், 60,000 வோல்ட் என்று போட்டிருப்பார்கள். அது காயிலால் எவ்வளவு முடியும் என்ற கணக்கு. பிளக்கில் அவ்வளவும் வருவதில்லை. வயலில் தண்ணீர் வரப்பு உயரம் வரைக்கும்தான் ஏறும், அப்புறம் வழிந்துவிடும். கிணற்று மோட்டார் 5 எச்பியா 10 எச்பியா என்று வரப்புக்குத் தெரியாது. அதே மாதிரி வோல்டேஜும் பொறி தாண்டுகிற அளவு வரைக்கும்தான் ஏறும். அந்த வரப்பின் உயரத்தைத் தீர்மானிப்பது இரண்டு விஷயம்: பிளக் கேப், பொறி விழும் நேரத்தில் சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தம். ரீமேப்பில் பூஸ்ட், அதாவது டர்போ காற்றைத் திணிக்கிற அழுத்தம் கூடினால், சிலிண்டருக்குள்ளும் அழுத்தம் கூடும், வரப்பு உயரும். பிளக் தேய்ந்து கேப் அகன்றால் இன்னும் உயரும். ஏற்காடு வளைவில் குறைந்த ஆர்பிஎம்மில் முழு மிதி மிதிக்கும்போது, டர்போ எஞ்சினில் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. பெங்களூர் ரோட்டில் மேல் கியரில் நிதானமாகப் போனபோது ஒரு தடவைகூட உதறாதது அதனால்தான்.

பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை ஒழுங்காகப் பற்றிக்கொண்டால் முடிந்தது கதை. தீக்குச்சியால் பற்றவைத்தாலும் தீப்பந்தத்தால் பற்றவைத்தாலும் அடுப்பில் சோறு ஒரே நேரத்தில்தான் வேகும். நல்ல நிலையில் இருக்கிற எஞ்சினில் பெரிய காயில் போட்டு அஞ்சு குதிரை கூடியது என்று யாராவது சொன்னால், பழைய பிளக்கையும் அன்றைக்கே மாற்றினாயா என்று கேள்.

ஆனால் பெரிய காயில் போட்டால் பவர் கூடும் என்ற நம்பிக்கை சும்மா வந்ததில்லை. அப்பாவின் பழைய பத்மினி கார் நினைவிருக்கிறதா? நான்கு சிலிண்டருக்கும் ஒரே காயில், காயிலுக்குக் கரண்டை விட்டுவிட்டு வெட்டுகிற ஒரே பிளாட்டினம் பாயிண்ட். 6,000 ஆர்பிஎம்முக்கு அந்த ஒற்றைக் காயில் நொடிக்கு 200 பொறி தர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிசெகண்ட், அதற்குள் சார்ஜ் ஏறி இறங்க வேண்டும். வேகம் கூடக் கூட காயில் நிறையாது, பாயிண்ட் தீயும், பொறி மெலியும். அந்தக் காலத்தில் எலக்ட்ரானிக் இக்னிஷனும் நல்ல காயிலும் போட்டவனுக்கு வித்தியாசம் நிஜமாகவே தெரிந்தது. மழைக்காலத்தில் ஒரு ராத்திரி மலை இறங்கும்போது அப்பா பானெட்டைத் திறந்து டார்ச்சை அணைத்தார். பழைய பிளக் வயர்களின் மேல் மின்மினி மாதிரி நீலப் பொறி ஓடியது. நாம் இருவரும் வாயைப் பிளந்து பார்த்தோம். அவர் கைக்குட்டையால் வயரைத் துடைத்துவிட்டு, 'ஏறுங்கடா' என்றார். உன் காரில் ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல் தனிக் காயில். அதே 6,000 ஆர்பிஎம்மிலும் ஒன்றுக்கு 20 மில்லிசெகண்ட் அவகாசம். சார்ஜ் ஏற மூன்று மில்லிசெகண்ட் வாக்கில் போதும். எவ்வளவு நேரம் ஏற்ற வேண்டும் என்பதையும் எஞ்சின் கம்ப்யூட்டரான இசியூவே பார்த்துக்கொள்கிறது.

நான் கடைசியில் செய்தது இவ்வளவுதான். புது இரிடியம் பிளக் நான்கு, சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுகிற ஒரு படி குளிர்ந்த ரகம், கேப் 0.7. பிளக்கின் மேல் போட்டிருக்கிற சூட்டு ரக எண்ணில் ஏமாந்துவிடாதே. என்ஜிகேவில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், பாஷில் எண் கூடினால் சூடான பிளக். இரிடியத்தின் நுனி ஊசி மாதிரி இருப்பதால் பொறி தாண்டக் கொஞ்சம் குறைந்த வோல்டேஜ் போதும், ஆயுளும் அதிகம். பிக்கப் தரும் என்று நினைத்து வாங்காதே. கேப்பைச் சரிசெய்யும்போது நடு நுனியில் கை வைக்காதே, பட்டென்று ஒடியும். வெளிக்கொம்பை மட்டும் வளை. கைப்பிடியில் இறுக்காமல், இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் பிடி. பிளக் மாற்றியதும் மூன்று பழைய காயிலையே திரும்பப் போட்டேன். மூன்றாவதில் மட்டும் சிவப்பு. மிச்சம் மூன்று பீரோவில், வீட்டுக்காரியின் வெள்ளிக் கொலுசுப் பெட்டிக்குப் பக்கத்தில் தூங்குகின்றன.

குதிரை வேண்டுமென்றால் பொறி எப்போது விழுகிறது என்பதில் இருக்கிறது. ஆக்டேன் குறைந்த பெட்ரோல் போட்டு, கலவை தானாகவே வெடிக்கிற நாக் வந்தால் இசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும், ரீமேப்புக்குக் கொடுத்த காசு அங்கேயே போச்சு. ஆக்டேன் கூடின பெட்ரோல் போடு. அதற்குக் கூடுதலாகக் கொடுக்கிற விலைக்கு, காயிலில் மிச்சமாகும் பணம் பல டேங்குக்கு வரும்.

பெரிய டர்போ மாற்றி, பூஸ்ட்டை ஒரேயடியாக ஏற்றி, புது பிளக்கில் கேப்பைக் குறைத்த பிறகும் கோவை செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் மிஸ்ஸிங் வந்தால், அப்போது காயிலைப் பற்றிப் பேசலாம். நீ அந்த அளவுக்குப் போகிறவன்தான், எனக்குத் தெரியும்.

உனக்கு உதறல் எதுவும் இல்லை என்றுதானே எழுதியிருக்கிறாய்? அப்படியென்றால் பிளக் போட்டு எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்று மட்டும் பார்த்து எழுது. அடுத்த மாதம் இங்கே வா. எஞ்சின் ஆறுகிற நேரத்தில் தட்டுவடை செட் சாப்பிடலாம், அப்புறம் நான்கையும் கழற்றிப் பார்த்துவிடலாம். ஃபீலர் கேஜ் என்னிடம் இருக்கிறது. நீண்ட எக்ஸ்டென்ஷனோடு 16 எம்எம் பிளக் சாக்கெட்டை நீ கொண்டுவா, என்னுடையதை மச்சான் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை.

அன்புடன்,
குமரேசன்