வளைகாப்பு முடிந்த கையோடு

ஏற்காடு

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்காமல் நானே தோட்டத்தில் இறங்கிவிட்டேன், அதுதான் தாமதம்.

மகளுக்கு வளைகாப்பு முடிந்ததா? சந்தோஷம். அப்படியே அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடுகிற விஷயத்தையும் அவளிடம் பேசிவிடு. என் மகளைச் சேலத்தில் சேர்த்திருந்தோம். வலியில் கத்திக்கொண்டிருந்தவளிடம் வந்து, "காப்பர் டி போட்டுக்கறியாம்மா?" என்று கேட்டார்கள். கரு தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற சின்னக் கருவி அது. அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்? வேண்டாம் என்றுவிட்டாள். முன்பே முடிவு செய்திருந்தால் நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்தில் வைத்திருப்பார்கள், தவறினால் 48 மணி நேரத்துக்குள். சிசேரியன் என்றால் தையலுக்கு முன்பே. அதை விட்டால் 6 வாரம் காத்திருக்க வேண்டும்.

சம்பந்தியம்மா, "பால் கொடுக்கிறவளுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். அவருடைய மூத்தவனுக்கும் இளையவனுக்கும் 13 மாதம்தான் வித்தியாசம், நான் வாயைத் திறக்கவில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான், பால் கொடுத்தால் கரு தங்காது என்கிற கணக்கு சரி. எங்கள் வீட்டில் இருபதாம் நாளே சங்கில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியாயிற்று!

ஆறு வாரம் கழித்துப் போனபோது நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னார். அந்தரா என்கிற கருத்தடை ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம், ஆனால் 3 மாதத்துக்கு ஒருமுறை தேதி தவறாமல் போட வேண்டும். நிறுத்தினாலும் கரு தங்கச் சில மாதம் பிடிக்கலாம். கைத்தோலுக்கு அடியில் வைக்கிற கருத்தடைக் குச்சி 3 வருஷத்துக்கு. இவள் காப்பர் டி 380ஏ கேட்டாள், 10 வருஷம் தாங்கும். எடுத்துவிட்டால் உடனே கருத்தரிக்கலாம். முதல் சில மாதம் உதிரப்போக்கு அதிகம், புலம்பித் தீர்த்தாள். இப்போது சரியாகிவிட்டது. அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதைக் கேட்டு நர்ஸம்மா சிரித்தே விட்டார். எப்போதாவது கழன்று கீழே விழலாமே தவிர நெஞ்சுப் பக்கம் போகாதாம். பிரசவமான கையோடு வைத்தால் விழுகிற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அதனால் மறுபடி போய்க் காட்டிவிட வேண்டும்.

நம் காலத்தில் இரண்டாவது பிறந்ததும் ஆபரேஷன். என்னிடம் யார் கேட்டார்கள்? மாமியார் தலையாட்டினார், முடிந்தது.

அடுத்த செக்கப்புக்கு மாப்பிள்ளையையும் கூட்டிப் போ. என்ன வேண்டும் என்று அவளே வாயால் சொல்லட்டும், அட்டையில் எழுதி வாங்கிவிடு.

அப்புறம், செவ்வாய்ப்பேட்டையில் குழந்தைக்குக் கொலுசு சொல்லிவைத்திருக்கிறேன். பிறந்ததும் கால் அளவை நூலில் எடுத்து அனுப்பு.

உன்,
மல்லிகா