பராமரிப்புப் பணத்தில் கை வைக்காதீர்கள்: நிதி, போக்குவரத்து அமைச்சகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

எந்த நாட்டு பட்ஜெட்டை எடுத்தாலும் புதிய ரயில் பாதை, புதிய விரைவுச்சாலை, புதிய பாலம் என்று அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு பெரிய பாதையைத் திட்டமிட்டு, நிலம் எடுத்து, கட்டி, வண்டி ஓடவிட இருபது முப்பது ஆண்டுகள்கூட ஆகிவிடுகின்றன. ஒரு ஆட்சிக்காலமோ நான்கைந்து ஆண்டுகள்தான். ஆட்சி மாறினாலும் திட்டமும் அதற்கான பணமும் நிலைத்து நிற்க நீங்கள் சட்டப்படி வழி செய்ய வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்று தள்ளிவிடாதீர்கள். அங்கே பணத்தோடு முறையும் இருந்தது. 'ரயில் 2000' திட்டத்துக்கு 1987இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்தது. அதில் கால அட்டவணைதான் அடிப்படை. பெரிய நகரங்களுக்கு இடையிலான பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால், ரயில்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சந்திப்பு நிலையத்துக்கு வந்துவிடும்; பயணிகள் அதிகம் காத்திருக்காமல் மாறி ஏறலாம். அதற்கு எங்கே எத்தனை நிமிடம் குறைய வேண்டும் என்று பார்த்துப் புதுப்பாதை போட்டார்கள். செலவு கூடியபோது சில பணிகளைத் தள்ளிவைத்தார்கள், இலக்கைக் கைவிடவில்லை. 2004 டிசம்பரில் புதிய அட்டவணை வந்தபோது பெர்னிலிருந்து சூரிக்குக்கு ஒரு மணி நேரத்துக்குள் போக முடிந்தது.

அதே நாடு ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு அடிவார ரயில் சுரங்கத்தையும் கட்டியது. 1992இல் மக்கள் ஒப்புதல், 1998இல் நிதி ஏற்பாட்டுக்கு இன்னொரு வாக்கெடுப்பு, 2016இல் திறப்பு. கனரக லாரிகளிடம் வசூலித்த கட்டணமும் மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பங்கும் நேராக அந்த நிதிக்குப் போயின. ஒவ்வொரு ஆண்டும் நிதித்துறை வாசலில் போய் நிற்க வேண்டிய நிலை இல்லை.

சுரங்கத்துக்கு வடக்கே இருப்பது ஜெர்மனி. தன் கார்ல்ஸ்ரூ நகரம் முதல் சுவிஸ் எல்லை நகரமான பாசெல் வரையிலான இணைப்பு ரயில் பாதையை விரிவாக்குவதாக 1996இல் அந்த நாடு ஒப்பந்தம் போட்டது. சுரங்கம் திறந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன, அந்த வேலை இன்னும் முடியவில்லை. 2017 ஆகஸ்டில் ராஸ்டாட் என்ற இடத்தில், ஓடிக்கொண்டிருந்த பாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டும்போது தண்டவாளம் உள்வாங்கியது. ஐரோப்பாவின் முக்கியமான சரக்கு ரயில் தடம் ஏழு வாரம் போல மூடிக் கிடந்தது. ஜெர்மனி ஏழை நாடா என்ன?

பிரிட்டனில் நடந்தது வேறு மாதிரி. லண்டனிலிருந்து வடக்கே போக வேண்டிய அதிவேக ரயில் திட்டத்தில், பர்மிங்காமுக்கும் மான்செஸ்டருக்கும் இடையிலான பகுதியை 2023 அக்டோபரில் ரத்து செய்தார்கள். அந்த அறிவிப்பு வந்ததே மான்செஸ்டரில் நடந்த கட்சி மாநாட்டில்தான். அந்தத் தடத்தை நம்பித் தங்கள் திட்டங்களை வகுத்த ஊர்களுக்கு யார் பதில் சொல்வது?

சரி, புதியவை ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, ஏற்கெனவே கட்டியவை பற்றியது. ஒரு பாலத்தின் மேல்தளத்தில் மழைநீர் வடியும் குழாய் அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்கி, விரிசல் வழியாக உள்ளே இறங்குகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது உப்ப உப்ப கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது, பிறகு கம்பி இன்னும் வேகமாக அரிக்கிறது. முதல் நாளில் ஒரு ஆளும் ஒரு கம்பியும் போதும், அடைப்பை எடுத்துவிடலாம். பத்தாண்டு கழித்து டெண்டர் விட்டு, போக்குவரத்தை நிறுத்தி, கோடிக்கணக்கில் செலவழிக்க வேண்டியிருக்கும். குழாய் அடைப்பை எடுத்ததற்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை. பணத் தட்டுப்பாடு வந்தால் முதலில் வெட்டு விழுவதும் இந்தத் தலைப்பில்தான்.

இத்தாலியின் ஜெனோவா நகரில் 1967இல் திறக்கப்பட்ட மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தார்கள். அதன் தாங்கு கம்பிகள் கான்கிரீட்டுக்குள் மறைந்திருந்தன. அரிப்பு வெளியே தெரியவில்லை. பாலத்தைத் தாங்கிய கோபுரங்களில் ஒன்றின் கம்பிகளை 1990களிலேயே வலுப்படுத்தியிருந்தார்கள். இடிந்த கோபுரத்துக்கான பலப்படுத்தும் திட்டத்துக்கு அப்போதுதான் ஒப்புதல் கிடைத்திருந்தது, வேலை தொடங்கவில்லை. பாலம் தனியார் பராமரிப்பில் இருந்தது உண்மைதான். பராமரிப்பைக் குத்தகைக்கு விடலாம், கண்காணிக்கும் கடமையை விட முடியாது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பெட்ரோல் மீதான மத்திய வரி 1993இலிருந்து காலனுக்கு 18.4 சென்ட்டில் நிற்கிறது. விலைவாசியோடு சேர்ந்து ஏறாததால், நெடுஞ்சாலை நிதியை 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டியதாயிற்று. மின்சார வண்டிகள் பெருகப் பெருக எரிபொருள் வரியை நம்பும் எல்லா நாட்டுக்கும் இந்தச் சிக்கல் வரும். ஓடும் தூரத்துக்கும் வண்டியின் எடைக்கும் ஏற்றபடி கட்டணம் வாங்குவது பற்றி இப்போதே பேசத் தொடங்குங்கள். வாக்காளர்கள் கோபப்படுவார்கள்தான். வசூலான பணம் பாதைக்கே போகும் என்று சட்டத்தில் எழுதிக் காட்டினால் கேட்டுக்கொள்ளவும் செய்வார்கள்.

சுவிஸ் மக்கள் 2014இல் ஒப்புக்கொண்ட ரயில் கட்டமைப்பு நிதி இதற்கு நல்ல முன்மாதிரி. அது காலவரம்பு இல்லாதது. இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் முதலில் கொடுத்துவிட்டு, மீதியில்தான் விரிவாக்கம் என்று சட்டமே சொல்கிறது. இந்த வரிசையை நீங்களும் சட்டமாக்குங்கள். ஒரு நிதியாண்டில் செலவாகாத பராமரிப்புப் பணம் காலாவதியாகாமல் அடுத்த ஆண்டுக்குப் போகட்டும். நாடாளுமன்றம் ஏற்ற திட்டத்தைக் கைவிட நினைத்தால், அதுவரை ஆன செலவையும் காரணத்தையும் அவையில் வைத்து வாக்கெடுங்கள்.

அப்புறம் ஒன்று. அடுத்த பட்ஜெட் உரையில் புதிய திட்டங்களின் பட்டியலுக்கு முன்னால் ஒரு பக்கம் சேருங்கள்: நாட்டில் எத்தனை பாலங்கள் மோசமான நிலையில் உள்ளன, அவற்றைச் சரிசெய்ய எவ்வளவு தேவை, இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை அவையில் வாய்விட்டு வாசியுங்கள்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு பயணி