எங்கள் பிள்ளைகளுக்குச் சொற்களை இரவல் தந்தவர்களுக்கு

அன்பார்ந்த அண்டைவீட்டாருக்கும், மணல்தொட்டியைச் சுற்றி அமர்ந்திருந்த மாலை நேரத்துத் தோழியர் தோழர் அனைவருக்கும் வணக்கம்.

என் கணவருக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டதால், இந்த மே மாத இறுதியில் பெங்களூரு சி.வி.ராமன் நகர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் புறப்படுகிறோம். சாமான்களைக் கட்டத் தொடங்கியபோதுதான் எங்கள் சமையலறையிலுள்ள எவர்சில்வர் டப்பாக்களில் பாதி எங்களுடையவை அல்ல என்பது தெரிந்தது. வந்த டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது கும்பகோணத்தில் என் அம்மா வைத்திருக்கும் சட்டம். ஒவ்வொன்றிலும் ஏதேனும் வைத்துத் தர இப்போது நேரமில்லை. இந்த மடலை வைத்துத் தருவதாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால், மாடி எண்ணையும் பிள்ளைகள் உங்களை அழைக்கும் முறையையும் கொண்டே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டின் கதை உங்களுக்குத் தெரியும். நான் தமிழ், அவர் பர்த்தமானில் பிறந்த வங்காளி, எங்களுக்குள் ஆங்கிலம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மகளுக்குப் பத்து மாதம். அதன் பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் அவள் கேட்ட குரல்கள் எங்கள் இருவருடையவையும், கைப்பேசித் திரையில் தோன்றிய இரண்டு பாட்டிகளுடையவையும் மட்டுமே. 2021 ஆகஸ்டில் அவளை விளையாட்டுத் திடலுக்கு முதன்முதலாக அழைத்து வந்தபோது, மற்ற பிள்ளைகளைக் கண்டு என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டவள் அவள் மட்டுமல்லள். உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நின்றிருந்தேன். ஏழாண்டுகளாக இந்த நகரத்தில் வேலை பார்த்தும், அலுவலகத்துக்கு வெளியே எனக்கென்று ஒரு தோழி கிடையாது.

அந்த நாட்களில் எனக்கிருந்த பெரிய அச்சம் மகளின் பேச்சைப் பற்றியது. இரண்டே கால் வயதில் அவள் பேசிய தமிழ்ச் சொற்களை எண்ணினால் பதினேழுதான் தேறின. நாங்கள் முதலில் சேர்த்த பிளே ஸ்கூலில், வீட்டில் இத்தனை மொழிகளைப் போட்டுக் குழப்புவதால்தான் குழந்தை பேசவில்லை என்றும், இனி ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்றும் அறிவுரை சொன்னார்கள். அன்று இரவே என் கணவர் அவளுக்கு வங்காளத்தில் பாடும் தாலாட்டை நிறுத்திவிட்டார். இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மூன்றாம் மாடி அக்கா, உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி இங்கேதான் தொடங்குகிறது. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தில் படித்தவர் நீங்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. சறுக்குமரத்தின் அருகே நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அறிவுரை எதுவும் சொல்லாமல், முதலில் காது சோதனை செய்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்று மட்டும் சொன்னீர்கள். சோதனையில் குறையொன்றும் இல்லை என்று தெரிந்த பின், ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரத்தில் அவள் சொல்லும் சொற்களை எந்த மொழியாக இருந்தாலும் விடாமல் எழுதச் சொன்னீர்கள். தமிழில் பதினேழு, வங்காளத்தில் இருபது, ஆங்கிலத்தில் பத்து, பால்காரரிடமும் வேலைக்கு வரும் அம்மாவிடமும் பொறுக்கிய கன்னடச் சொற்கள் ஏழு என்று கூட்டியபோது ஐம்பதைத் தாண்டியது. பலமொழிக் குழந்தையின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணுவது, நான்கு பைகளில் சில்லறை வைத்திருப்பவரின் ஒரு பையை மட்டும் தடவிப் பார்த்து ஏழை என்று சொல்வது போன்றது என்றீர்கள். ‘இன்னும்’ என்ற பொருளில் வங்காளத்தில் வரும் ‘ஆரோ’வையும் தமிழ்ப் ‘பா’லையும் சேர்த்து அவள் ‘ஆரோ பால்’ என்று கேட்டதை, பாதிப் பேச்சாக அல்லாமல் முழுமையான இரு சொல் வாக்கியமாகக் கணக்கில் சேர்த்தீர்கள். பல மொழி கேட்பதால் பேச்சு தடைபடாது, தடை வருமானால் அதற்குக் காரணம் வேறாக இருக்கும் என்று நீங்கள் பொறுமையாக விளக்கிய அந்த மாலை முடிந்து வீடு திரும்பியதும் என் கணவரின் தாலாட்டு மீண்டும் தொடங்கியது. அந்த நோட்டு இப்போது என் கைப்பையில் இருக்கிறது. பெட்டியில் வைத்துக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளின் கன்னடப் பாட்டியான அஜ்ஜி, நீங்கள் தமிழ் படிக்க மாட்டீர்கள் என்றாலும், உங்கள் பேத்தியோ என் மகளோ இதைப் படித்துக் கன்னடத்தில் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். 2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கலில் இந்நகரத்தில் பேருந்துகள் எரிந்த சமயத்தில், பொது இடத்தில் தமிழில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அது லிப்டுக்குள்ளும் தொடர்ந்தது. குழந்தையிடம் நான் கிசுகிசுப்பதைக் கவனித்த நீங்கள் ஒரு நாள், “ஏன்ம்மா, கொழந்த தூங்குதா?” என்று லிப்டு அதிரத் தமிழில் கேட்டீர்கள். சிறுவயதில் அல்சூரில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற தமிழ் என்று பிறகு சொன்னீர்கள். அன்று முதல் நான் குரலைத் தாழ்த்தவில்லை என்பதை என் பக்கத்து வீட்டார் புகாராகவே சொல்லக்கூடும்.

அஜ்ஜியின் கணவர் எங்கள் மகளை அல்சூர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் காட்டினார். அதே மாதத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டதையும் சொல்லி, இரண்டு தாத்தாக்களும் வீடு மாற்றிக்கொண்டார்கள் என்று விளக்கியிருக்கிறார். அவள் அவருக்கு ஒரு குறளும், அவர் அவளுக்குச் சர்வக்ஞரின் மூன்றடிப் பாடலான திரிபதி ஒன்றும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டிலும் யார் அதிகம் தடுமாறினார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குவதை மகள் நான்கு வயதில் தானாகவே கண்டுபிடித்தாள். பால் ஹாலு ஆகிறது, புலி ஹுலி ஆகிறது, பூ ஹூவு ஆகிறது, பல் ஹல்லு ஆகிறது. பழங்கன்னடத்திலும் இவை பகரமாகவே இருந்தன என்று தாத்தா பின்னர் எனக்குச் சொல்லித்தான் தெரியும். ஆனால் சூத்திரம் கைக்கு வந்துவிட்ட உற்சாகத்தில், அவள் பென்சிலை ‘ஹென்சில்’ என்றும், பாட்டியை ‘ஹாட்டி’ என்றும் அழைக்கத் தொடங்கினாள். அதைத் திருத்த வேண்டாம், அவள் இலக்கணம் கற்கிறாள் என்று மூன்றாம் மாடி அக்கா சொன்னதால் விட்டுவிட்டோம். ஒரு மாதத்தில் பென்சில் பென்சிலானது. என் அம்மா மட்டும் இன்றுவரை ஹாட்டியாகவே இருக்கிறார்.

அந்த ஹாட்டி முதன்முறை வந்து தங்கியிருந்தபோது நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள் என்றாலும், எழுத்தில் பதிந்து வைக்க விரும்புகிறேன். தாகமெடுத்த மகள் கன்னடத்தில் தண்ணீர் வேண்டும் என்பதற்கு ‘நீரு பேக்கு’ என்று கேட்க, ‘நீர் பேக்கு’ என்று பேத்தி மரியாதையுடன் தன்னை முட்டாள் என்று திட்டுவதாக என் அம்மா புரிந்துகொண்டார். இரண்டு நாள் முகம் வாடியிருந்தவரைத் திடலுக்கு அழைத்துவந்து, அஜ்ஜியின் பக்கத்தில் உட்காரவைத்துப் பேக்குவுக்குப் பொருள் சொன்ன பிறகுதான் அவர் காபி குடித்தார். அவ்விருவரின் நட்பு அந்தப் பெஞ்சில் தொடங்கியது. இப்போது என் அம்மா கும்பகோணத்திலிருந்து கூப்பிட்டால் முதலில் அஜ்ஜியை விசாரிக்கிறார், அதன் பிறகே என்னை.

வங்காளத்துக்கு நாங்கள் உரிய இடம் கொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுடைய பாபா வீடு திரும்புவதற்குள் அவள் பெரும்பாலும் தூங்கிவிடுவாள். வங்காளம் ஞாயிற்றுக்கிழமை மொழியாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. ஏழாம் மாடி மாசி, உங்கள் மகனுக்கும் வங்காளம் பேசத் துணை வேண்டும் என்று நீங்கள் கேட்டு வந்தது உங்கள் தேவைக்காக என்றுதான் இன்றும் சொல்கிறீர்கள். வாரத்தில் மூன்று மாலைகள் எங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்து லூச்சி பொரித்துப் போட்டது யாருடைய தேவைக்காக என்று நான் கேட்கவில்லை. வங்காளத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் மகள் ‘பாபா வந்தாள்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்ததற்கும் நீங்களே பொறுப்பு. உணவையும் நீரையும் வங்காளத்தில் ஒரே வினையால் சொல்வதால், அவள் தமிழிலும் தண்ணீரைச் சாப்பிட்டாள். காபி சாப்பிட்டீர்களா என்று கேட்டே வளர்ந்த எங்கள் காவிரிக்கரைக் காதுகளுக்கு மட்டும் அது பிழையாகவே படவில்லை.

வாணியம்பாடியில் பிறந்த இரண்டாம் மாடி ஆப்பாவுக்கு என் மகன் சார்பில் தனியாக நன்றி. அவனுடைய முதல் தெளிவான சொல் அம்மாவும் அல்ல, பாபாவும் அல்ல. உங்கள் வீட்டு தக்கினி உருதுவில் வேண்டாம் என்பதைச் சொல்லும் ‘நக்கோ’தான் அது. மருந்து, குளியல், கத்தரிக்காய் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லால் அவன் விரட்டினான். அவனுக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தொட்ட இரவில், கணவர் வெளியூரிலிருக்க, தூங்கும் மகளை உங்கள் கட்டிலில் கிடத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். காலையில் திரும்பியபோது அவள் தலைவாரிச் சீருடை அணிந்து, டிபன் டப்பாவுடன் பள்ளிப் பேருந்துக்கு நின்றிருந்தாள். இதற்கு எந்த மொழியிலும் எனக்குச் சொல் வரவில்லை, அன்றும் சரி, இன்றும் சரி.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. இந்தக் கணக்கை வைத்துச் சிலர் கன்னடமே தேவையில்லை என்று வாதிடுவதுண்டு. எங்கள் திடலிலும் அப்படி ஒரு முறை வாதம் நடந்து, இரண்டு குடும்பங்கள் ஒரு மாதம் பேசாமல் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. எனக்கு அந்தக் கணக்கு வேறொன்றைச் சொன்னது. இவ்வளவு பேருக்கு இடம் விட்ட மொழியைத் தெரிந்துகொள்ளாமல் போவது, வாடகை வீட்டுக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசாமலே குடியிருப்பதைப் போன்றது. நானும் முப்பத்தாறு வயதில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கன்னட எழுத்து பழகினேன். பேருந்துப் பலகையில் கன்னட எண்களைப் படித்துச் சரியான வண்டியில் ஏறிய முதல் நாள், அஜ்ஜி எனக்கு மைசூர்பாகு கொடுத்தார்.

கதை நேரத்தை நடத்திய நான்காம் மாடித் தம்பதிக்கும் நன்றி. பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015 முதல் ஸ்டோரிவீவரில் இலவசமாகத் தரும் படக்கதைகளில் ஒன்றைத் தேர்ந்து, அதே கதையைத் தமிழ், கன்னடம், வங்காளம், தெலுங்கு என்று அச்செடுத்துத் தைத்து, சனிக்கிழமை தோறும் ஆளுக்கொரு மொழியில் படிக்கவைத்தது உங்கள் யோசனை. பக்கம் ஒன்றுதான், படம் ஒன்றுதான், குரல் மட்டும் மாறிக்கொண்டே போகும். படிக்கக் கூச்சப்பட்ட அப்பாக்களைக்கூட யானையாகவும் தவளையாகவும் மாற்றிவிட்டீர்கள். கப்பன் பூங்காவிலுள்ள இந்திரா பிரியதர்ஷினி சிறுவர் நூலகத்துக்குப் பதினோரு பிள்ளைகளை மெட்ரோவில் கூட்டிச்சென்று, ஒருவரையும் தொலைக்காமல் கொண்டுவந்தது பற்றி நான் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

சங்கராந்தி நாட்களை நான் மறக்க மாட்டேன். எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல், ஏழாம் மாடியில் தேங்காய்ப் பூரணம் வைத்த பாட்டிஷாப்டா. அஜ்ஜி வீட்டில் எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கடலையும் கலந்த எள்ளு பெல்ல. அதைத் தின்று நல்ல வார்த்தை பேசு என்று சொல்லிக் கையில் வைப்பார். முந்தைய நாள் போகி மாலையில், ஆறாம் மாடித் தெலுங்கு அக்கா எங்கள் மகனையும் தம் மகளோடு மணையில் உட்காரவைத்து, இலந்தைப் பழமும் கரும்புத் துண்டும் காசும் கலந்து தலையில் கொட்டுவார். காசை மட்டும் பொறுக்கிக்கொண்டு அவன் எழுந்து ஓடியதற்கு இத்துடன் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வீடு பார்க்கிறோம். நெடுங்காலமாகத் தமிழர் வாழும் பகுதி என்பதால் தமிழுக்குக் குறைவிருக்காது. வங்காளத்துக்கு அங்கே கேட்க வேண்டியதே இல்லை. கன்னடம் யார் பேசுவார்கள் என்று மகள்தான் கேட்டாள். அதற்கு அஜ்ஜி, ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குத் தாமே தொலைபேசியில் அழைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

டப்பாக்களை வெள்ளிக்கிழமை மாலை திடலுக்குக் கொண்டுவருகிறேன்; மூடி பொருந்தாதவை எவருடையவை என்று நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். கதைப் புத்தகங்களைத் தகரப் பெட்டியில் போட்டுக் காவலர் அறையில் வைத்துவிட்டேன். கன்னடப் பிரதியில் தவளைப் பக்கத்தை என் மகன் கிழித்து, ஒட்டும்போது தலைகீழாக ஒட்டிவிட்டான். அப்படியே படியுங்கள், தவளைக்கு ஆட்சேபமில்லை. அஜ்ஜி, உங்கள் தொலைபேசியின் மணியோசையை அணைத்து வைக்கும் பழக்கத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் விட்டுவிடுங்கள். நீங்கள் மறந்தால் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு எங்களிடமிருந்து மணி அடிக்கும்.

நன்றியுடன்,
ஐந்தாம் மாடி வீட்டுப் பிள்ளைகளின் அம்மா