கயிற்றில் சுற்றிய சங்கு

காரைக்குடி,
ஞாயிறு காலை.

அன்புள்ள சொக்கலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. உன் மூட்டுவலிக்குத் தைலத்தைவிட நடைதான் மேல் என்று நீ எழுதியதை ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். தைலப் புட்டியை அவள் நகர்த்தக்கூட இல்லை.

விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன், "ரயில் நம்மைத் தாண்டியதும் ஹாரன் ஏன் ஐயா தணிந்துபோகிறது?" என்று கேட்டான். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு டாப்ளர் சூத்திரம் எழுதத்தான் கை அரித்தது. ஒலிக்கும் பொருள் நெருங்கினால் சுரம் ஏறும், விலகினால் இறங்கும் என்பதுதான் அது. அடக்கிக்கொண்டு ஒரு கருவி செய்தேன். 9 வோல்ட் பேட்டரி, சின்ன பஸ்ஸர், ஒரு சுவிட்ச். பஞ்சுப் பந்தைக் கீறி மூன்றையும் உள்ளே திணித்து, வலைப்பையில் போட்டு, ஒரு மீட்டர் நைலான் கயிற்றில் கட்டினேன். அவ்வளவுதான்.

வீட்டு நடுமுற்றமான வளவில் நின்று தலைக்கு மேல் சுற்றினேன். ஒரே 'பீ'. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சலித்துப்போய் நிறுத்தப் பார்த்தால், தூணோரம் நின்ற பேரன், "நிறுத்தாதீர்கள் ஐயா, ஏறி ஏறி இறங்குகிறது!" என்று குதிக்கிறான். பிறகுதான் எனக்கு உறைத்தது. நடுவில் நிற்பவனை விட்டுப் பந்து விலகுவதும் இல்லை, அவனை நெருங்குவதும் இல்லை. கயிற்றின் நீளம் மாறாதே! அத்தனை வருடம் பாடம் நடத்தியும் இது எனக்குத் தோன்றியதில்லை பார்.

ஆஸ்திரிய இயற்பியலாளர் டாப்ளர் 1842இல் இதை இரட்டை நட்சத்திரங்களின் நிறத்துக்காகச் சொன்னார். 1845இல் ஹாலந்தில் பாய்ஸ் பலாட் என்ற விஞ்ஞானி, ரயிலில் எக்காளம் ஊதுகிறவர்களை ஏற்றி, சுர ஞானம் உள்ளவர்களைத் தண்டவாளத்தோரம் நிறுத்திச் சோதித்தார். நமக்கு ரயிலும் வேண்டாம், எக்காளமும் வேண்டாம். விநாடிக்கு இரண்டு சுற்று என்றால் பந்தின் வேகம் ஏறத்தாழ 12.5 மீட்டர், நம் ஊர் வெக்கையில் ஒலியின் வேகம் 350 மீட்டர். பஸ்ஸர் விநாடிக்கு 3,000 அதிர்வில் கத்தினால், வரும்போது 3,110, போகும்போது 2,895 என்று காதில் விழும். ஒரு சுரத்தானத்துக்கும், அதாவது ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து பக்கத்துக் கட்டைக்குப் போவதற்கும், சற்று அதிகமான வித்தியாசம். பேரன் பிடித்துவிட்டதில் வியப்பில்லை.

வளவில் தூணும் சுவரும் எதிரொலித்துச் சத்தத்தைக் குழப்பின. ஊருணிக் கரைக்குப் போனோம். அங்கே இன்னும் தெளிவாக இருந்தது, முடிச்சு அவிழும் வரை. பந்து ஊருணி நடுவில் விழுந்து, மிதந்தபடியே கத்தியது. தவளைகள் வாயடைத்துப் போயின. பஞ்சில் தண்ணீர் ஊறிய பிறகுதான் அடங்கியது.

வேறு பஸ்ஸர் வாங்கிவிட்டேன், முடிச்சும் இரண்டாகப் போட்டாயிற்று. பேரனுக்குச் சுற்றக் கைநீளம் போதவில்லை. ஆச்சியிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஊரெல்லாம் கேட்டுவிட்டது, எனக்கு மட்டும் இன்னும் கேட்கவில்லை. அடுத்த மாதம் நீ வரும்போது சுற்றித் தரவேண்டும். வலி மூட்டில்தானே, தோளில் இல்லையே?

உன்,
முத்தையா