நிலைக்கதவை முதலில் அளந்து அனுப்பு

காரைக்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சொக்கு,

இங்கு எல்லோரும் நலம். கோயம்புத்தூரில் நீயும் ஆச்சியும் பிள்ளைகளும் நலந்தானே? புது வீட்டில் பால் காய்ச்சிப் பதினோரு நாள் ஆகிறது. நீ வரவில்லை என்று மீனாவுக்கு இன்னும் குறைதான். உனக்கென்று எடுத்து வைத்த கந்தரப்பத்தை மூன்றாம் நாள் நானே தின்று தீர்த்தேன்.

போனில் நீ கேட்டது ஒரே கேள்வி. "சதுர அடி என்ன ரேட்டுக்கு முடிச்சே?" நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். பள்ளத்தூரில் உன் பங்கு இடத்தில் கட்டப்போகிறாய் என்று தெரிந்தபிறகு மழுப்புவது சரியில்லை. பேசிய ரேட் 2,350 ரூபாய். 1,450 சதுர அடிக்கு 34 லட்சத்து 7,500. கையை விட்டுப் போனது அதற்கு மேல் இன்னொரு 8 லட்சத்து 60 ஆயிரம். கிட்டத்தட்டக் கால் பங்கு அதிகம்.

காண்டிராக்டர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். சொல்ல ஆசைதான். ஆனால் அக்ரிமெண்டை எடுத்துப் படித்தால் அவர் பக்கம்தான் நியாயம் பேசுகிறது. எந்தக் கம்பெனி சிமெண்ட், எந்தக் கம்பெனி ஒயர், குழாய் என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். எது எங்கே முடிகிறது என்று மட்டும் எழுதவில்லை. நம்மவர்கள் கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதி வைக்கிறவர்கள். வீட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன், பார்.

முதல் பெரிய அடி பேஸ்மென்டில் விழுந்தது. "தரைமட்டத்திலிருந்து 2 அடி உயரம்" என்று இருந்தது. எந்தத் தரை? என் மனை ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளம். அவர் மனையின் தரையிலிருந்து அளந்தார், நான் ரோட்டிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டுக்கு மேல் 2 அடி வேண்டுமென்றால் மொத்தம் மூன்றரை. கூடுதல் செங்கல், கிராவல், கூலி எல்லாம் சேர்ந்து 1 லட்சத்து 70 ஆயிரம். ஒரே ஒரு வார்த்தைக்கு!

அதற்கு முன்னாலேயே அஸ்திவாரத்தில் நம் ஊர் மண் தன் குணத்தைக் காட்டிவிட்டது. இரண்டரை அடி தோண்டியதும் செம்புறாங்கல். கடப்பாரை போட்டால் டங்கென்று திரும்பி வருகிறது. சின்ன வயதில் ஊருணிப் படிக்கட்டில் அந்தக் கல்மேல்தான் உட்கார்ந்து கதை பேசினோம், அப்போது அதன் உறுதி தெரியவில்லை. அக்ரிமெண்டில் "சாதாரண மண்ணில் தோண்டுவது" என்று இருந்ததால், கல் உடைக்கும் பிரேக்கர் வைத்த மணிக்கணக்கு முழுவதும் என் தலையில். பக்கத்து மனைக்காரரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீ கேள்.

அப்புறம் அந்த நிலைக்கதவு. தாத்தா வீட்டுப் பங்கில் எனக்கு வந்தது உனக்குத் தெரியும். பர்மா தேக்கு, மேலே கஜலட்சுமி. இலவசமாக வந்த மரம், வாசக்கால் செலவு மிச்சம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். நிலை வைக்க நல்ல நேரம் குறித்து, மஞ்சள் குங்குமம் தடவி, ஆறு பேர் தூக்கி நிறுத்தினால் திறப்புக்குள் போகவில்லை. பிளானில் வாசல் மூன்றரைக்கு ஏழு அடி. நிலை வெளிக்கட்டு ஐந்தே காலுக்கு எட்டு. அதற்குள் வாசலுக்கு மேலே லிண்டல் கான்கிரீட் போட்டாகிவிட்டது. மேஸ்திரி நாடாவை இரண்டு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, அதை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நேரம் தப்பக்கூடாதென்று நிலையைச் சுவரில் சாய்த்து வைத்துக் கற்பூரம் காட்டினோம். லிண்டலை உடைத்து, புதுக் கம்பி கட்டி, பாலீஷும் சேர்த்து 62 ஆயிரம். புதுக் கதவே வாங்கியிருக்கலாம். மீனாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். ரேட்டில் இருந்தது சதுர அடி 50 ரூபாய் டைல்ஸ், அதற்கு மேல் வித்தியாசம் பார்ட்டி கணக்கு, அதாவது என் கணக்கு. எனக்கோ கூடத்தில் ஆத்தங்குடிதான் வேண்டும். கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றிக் கையால் செய்து, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல், அதனால் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். போடுகிற ஆளும் தனி. கல்லும் கனம், அடிக்கலவையும் கனம். தரை உயர்ந்ததில் மூன்று அறைக் கதவுகளின் அடியை இழைக்க ஆசாரிக்குத் தனிக் கூலி. இதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை. மத்தியானம் அந்தத் தரையில் வெறும் மேலோடு படுத்துப் பார், தெரியும்.

சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் மூன்றும் சதுர அடிக் கணக்குக்குள் வராது. அது மட்டும் 3 லட்சத்து 35 ஆயிரம். கட்டட வேலைக்கு எடுக்கும் தற்காலிக கரண்ட் ரேட்டும் வீட்டு ரேட் இல்லை, கூடத்தான் வரும். இதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கும்.

விலை உயர்வுப் பிரிவை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படி. 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்போது எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்கிற மணல், அதன் விலை வித்தியாசத்தைக் காண்டிராக்டர் என்னிடம் வாங்கினார். "பொருள் விலை ஏறினால் உரிமையாளர் பொறுப்பு" என்று எழுதியிருக்கிறது, சரி, கொடுத்தேன். அதே வருஷம் செப்டம்பரில் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. குறைந்ததைக் கழியுங்கள் என்றேன். "இறங்கினால் என்னன்னு எழுதலையே அண்ணே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

என்னைக் காப்பாற்றியது மாப்பிள்ளை சேர்க்கச் சொன்ன இரண்டே வார்த்தை: "வரி உட்பட". தனி வீட்டுக்கு வெறும் கூலிக் காண்டிராக்ட் என்றால் ஜிஎஸ்டி இல்லை. பொருளோடு சேர்த்துக் கொடுத்தால், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் 18 சதவீதம் போட வேண்டும். கடைசியில் அவர் அதைக் கேட்கத்தான் செய்தார். 6 லட்சத்துக்கு மேல்! காகிதத்தைக் காட்டினேன், போய்விட்டார்.

பணம் கொடுக்கும் தவணையிலும் கோட்டைவிட்டேன். பூச்சு முடியும்போது 92 சதவீதம் கொடுத்தாகிவிட்டது. அதன்பிறகு அவர் போனை எடுப்பதே அபூர்வம். பேங்க்காரர்களோ வேலை முடிந்ததைப் பார்த்துத்தான் கடன் தவணையை விடுவார்கள், இவர் வேலை தொடங்குமுன் கேட்பார். நடுவில் மீனாவின் நகை இரண்டு தடவை அடகுக்குப் போய் வந்தது. மாடிக்கு வாங்கிய கம்பி மூன்று மாதம் மழையில் கிடந்து சிவந்தது. துருவையும் ஆராய்கிற, 1948-ல் அடிக்கல் நாட்டிய சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊரில், அந்தக் காம்பவுண்டைத் தாண்டித்தான் தினம் சைட்டுக்குப் போனேன்.

தாமதத்துக்கு மாதம் 20 ஆயிரம் அபராதம் என்று எழுதியிருந்தேனே என்று வக்கீல் ஒருவரைக் கேட்டேன். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 74-ம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்பு மட்டும்தான், அதற்குள் நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அதைத்தான் கோர்ட் கொடுக்கும் என்றார். அதுவும் எத்தனை வருஷம் கழித்தோ. நீ கடைசித் தவணையாகப் பத்து சதவீதமாவது கையில் பிடித்து வை, சாவி வாங்கி ஒரு மழை பார்த்தபிறகு கொடு.

கையெழுத்துப் போடுமுன் டிராஃப்டை எனக்கு அனுப்பு, சிவப்புப் பேனா வாங்கி வைத்திருக்கிறேன். பள்ளத்தூர் வீட்டில் உன் பங்குக்கு வரும் நிலையை, வெளிக்கட்டு அகலம், உயரம், கனம் மூன்றும் நாடா பிடித்து அளந்து எழுது. அண்ணன் தம்பிக்குள் எந்த நிலை யாருக்கு என்பது முடிவாகிவிட்டதா? அதை எழுதவே இல்லையே நீ.

ஆச்சிக்கு என் வணக்கம்.

உன்,
மெய்யப்பன்