அந்த டிரம் தண்ணீர் பற்றி, தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இந்தப் பருவத்துக்கு நான் வரவில்லை. எழுதிக் கொடுத்தாயிற்று. நான் மூடிவிட்டு வந்த அகழாய்வுக் குழியை நீ திறக்கப்போகிறாய் என்றார்கள், சந்தோஷம். முகாம் பொறுப்பும் உன் தலையில்தான் என்றார்கள். உண்மையைச் சொன்னால், அதில் இன்னும் கொஞ்சம் சந்தோஷம்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். களத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன். அதனால் சில இடங்களில் பாதியில் நிறுத்துவேன். மீதி உனக்குப் புரியும்.

மூடும்போது நீ அங்கே இல்லை. ஆகவே முதலில் இது: அடியில் விரித்திருப்பது நீர் வடியும் ஜியோடெக்ஸ்டைல் துணி. பாலித்தீன் போட்டால் தரை வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், வேர் அதன் கீழேயே படரும். செக்‌ஷனை அதாவது அடுக்குகள் தெரியும்படி செங்குத்தாக வெட்டிய மண்சுவரை, ஒட்டி மணல் மூட்டைகள் இருக்கின்றன. நிரப்பிய மண்ணை மண்வெட்டியால் அள்ளலாம், துணிக்கு ஒரு சாண் மேலே நிறுத்திவிட்டுக் கரணைக்கு மாறிக்கொள். மூட்டைகளை எல்லாம் ஒரே நாளில் உருவாதே. இத்தனை காலம் ஈரத்தில் இருந்த மண்சுவர் திடீரென்று வெயில் பட்டால் வெடிக்கும். ஆழம் ஒன்றரை மீட்டரை எட்டும் முன்பே படியாக வெட்டிக்கொள், இல்லையென்றால் முட்டுக் கொடு. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 60 செ.மீ.க்கு உள்ளே கொட்ட யாரையும் விடாதே. ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன். இடுப்பு வரை புதைந்த ஆளையே கையால் இழுத்து எடுக்க முடியாது.

குழி போதும். மற்றதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். காலம் கணிக்க உதவும் கரித்துண்டு ஒன்று தென்பட்டால் வெறும் விரலால் தொடவிடாமல், சிகரெட் பிடிக்கிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, கரணை நுனியால் எடுத்து அலுமினியத் தாளில் மடிப்பாயே, அந்த மாதிரிப் பொறுமையை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி.

வெயிலில் குனிந்து வேலை செய்கிறவர் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை கால் லிட்டர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் பிந்திவிடும். விடியலில் தொடங்கி ஆறு மணி நேரம் என்றால் ஆளுக்கு நாலரை லிட்டர். 20 பேருக்கு 90 லிட்டர், அதுவும் குழியில் நிற்கும் நேரத்துக்கு மட்டும். சமையல், குளியல், துணி எல்லாம் சேர்த்துப் பேரிடர் முகாம்களுக்கே ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் குறைந்தபட்சம் என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நமக்கு 300 லிட்டர். பானை ஓடு கழுவுவது இதில் சேரவில்லை. மண்ணைத் தண்ணீரில் அலசிக் கருகிய விதைகளை மிதக்கவைத்து எடுக்கும் மிதவைத் தொட்டியும் சேரவில்லை.

அன்று மாலை தண்ணீர் வண்டி வரவில்லை. ஏன் என்று இங்கே எழுதப்போவதில்லை, தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். மீதி ஒரே ஒரு டிரம், 200 லிட்டர். உன் குழியின் மூலையில் அடுப்புக் குழி தெரிந்து, அதன் சாம்பல் மண்ணை நாற்பது நாற்பது லிட்டராக நீ மூட்டை கட்டியிருந்தாய். ஒரு மூட்டையையாவது அலசிவிடலாம் அக்கா, கருகின விதை ஒன்று மிதந்தாலும் போதும் என்றாய். நான் டிரம்மின் மூடிமேல் கையை வைத்தேன். நீ என் கையையே பார்த்தாய். முழங்கால் வரை சாம்பல், உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. குரலை உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். “குடிக்கிற தண்ணி. புரியுது” என்று மட்டும் சொன்னாய். கரணையை மண்ணில் குத்திவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டாய்.

மன்னித்துக்கொள். அந்த மூட்டைகள் உனக்கு என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையை வைத்தேன். அடுத்த வண்டி எப்போது என்றே தெரியாத மாலையில் வேறு எதைச் செய்ய? அலசிய தண்ணீரைத் தெளியவைத்துத் திரும்ப ஊற்றலாம் என்று பிறகு எழுதியிருந்தாய். செய்யலாம். மூன்று டிரம் வரிசையாக வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் வலையில் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு குழியின் விதை இன்னொரு குழியின் பையில் போய் உட்காரும். அலசி எடுத்ததை நிழலில் மெதுவாக உலர்த்த வேண்டும், வெயிலில் வைத்தால் கருகிய விதை வெடித்துத் தூளாகும். குழியை மூட அவசரப்பட்டுக்கொண்டிருந்த முகாமில் எந்த நிழலில், எந்த ஆளை வைத்து? மூட்டையில் உலர்ந்த மண் பிறகும் அலசக் கிடைக்கும் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். சேமிப்பறையில் அவற்றுக்கு நேர்ந்தது வேறு கதை, அதை இங்கே தொடமாட்டேன். இனிமேல் சீட்டு இரண்டாக எழுதச் சொல்: ஒன்று சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூட்டைக்குள், ஒன்று வெளியே கட்டி. பென்சிலால் எழுது, மை வெளுத்துவிடும். எலி எது எந்த மூட்டை என்று பார்த்துக் கடிப்பதில்லை.

கழிப்பறை விஷயத்தை நீ எப்போதும் சிரித்துத் தள்ளுவாய், அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீர் எடுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, இருபது பேருக்கு ஒன்று. தோண்டும் முன் சின்னதாக ஒரு சோதனைக் குழி போட்டு, அங்கே தொல்லியல் அடுக்கு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள். தொல்லியல்காரர்களே கழிப்பறைக்காக ஒரு குடியிருப்புத் தளத்தை வெட்டினால் அந்தக் கேவலத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? அதற்காகக் கண்காணாத தூரத்திலும் வைக்காதே. கழிப்பறை தொலைவில் இருந்தாலோ, கதவுக்குப் பதில் ஒரு சாக்குத் தொங்கினாலோ, பெண்கள் காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். பிறகு உச்சியில் ஒருத்தி மயங்கி விழுந்தால், பலவீனமான பெண் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சை நீயும் ஒரு முறை பேசினாய். கைகழுவும் இடமும் சோப்பும் சாப்பிடும் இடத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கட்டும். ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாளில் பாதிக் குழிகளில் ஆள் இருக்காது. சந்தேகமான தண்ணீரைக் கொதி வந்த பிறகு முழுதாக ஒரு நிமிடம் கொதிக்கவிடு, 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம்.

காலையில் தார்ப்பாயைக் கையால் தூக்காதீர்கள், கம்பால் புரட்டுங்கள். இரவில் குழியில் விழுந்த பாம்பு ஏற வழியில்லாமல் நிழல் தேடி அங்கேதான் சுருண்டிருக்கும். விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் உண்மையாகவே கையிருப்பில் இருக்கிறது என்று பருவம் தொடங்கும் முன் நீயே விசாரி. கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வண்டி ஏற்று.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? உன் அறிக்கையைப் படித்தேன். மண்ணடுக்குகளின் வரைபடம் ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. 1973இல் தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் வகுத்த முறைப்படி எது எதற்கு முந்தியது என்று ஒரு கோடுகூடப் பிசகாமல் போட்டிருந்தாய். பெருமையாக இருந்தது. அப்புறம் அடுப்புக் குழிக்கு வந்தேன். நேரமின்மையால் மாதிரிகள் அலசப்படவில்லை என்று ஒற்றை வரி. நேரமா இல்லை? தண்ணீர் இல்லை என்று எழுத உனக்கு யார் தடை? சரி, யார் என்று எனக்கும் தெரியும், விடு. ஆனால் அந்த வரியைப் படிக்கிற எவரும் நாம் சோம்பியிருந்தோம் என்றுதான் நினைப்பார். அந்தக் குடியிருப்பில் தானியமே இல்லை என்று நாளைக்கு ஒருவர் வாதம் செய்யவும் அந்த வரி இடம் கொடுக்கும்.

இந்த முறை அறிக்கையில் எனக்கு ஒரு பத்தி வேண்டும். முகாமில் எத்தனை பேர், நாளுக்கு எத்தனை லிட்டர் வந்தது, எந்தெந்த நாள் வரவில்லை, அதனால் எந்தெந்த மாதிரி விட்டுப்போனது. பின்னிணைப்பில் இல்லை, அகழ்ந்த முறையைச் சொல்லும் இடத்தில். போட முடியாது என்றால் நன்றியுரையில் என் பெயரையும் போடாதே.

அக்கா